நூறு நகரங்களும் ஒரு மதிப்பாய்வும்

"நகர்ப்புறப் பேரிடர் மீள்திறன் திட்டத்தின் முன்னேற்றத்தை மதிப்பாய்வு செய்ய கன்சல்டன்ட் தேவை." இந்த மாதிரி அறிவிப்புகளை உலக வங்கி, ஐ.நா. அமைப்புகள், பெரிய அறக்கட்டளைகள் எல்லாம் வெளியிடுவது வழக்கம். கன்சல்டன்ட் வருவார், நாலைந்து நகரங்களைப் பார்ப்பார், அதிகாரிகளிடம் பேசுவார், அறிக்கை கொடுப்பார். சரி, அந்த அறிக்கைக்கு அப்புறம் என்ன ஆகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அதில் சென்னையும் வருது.

1913-ல் தொடங்கிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, தன் நூற்றாண்டை ஒட்டி 2013-ல் 'நூறு மீள்திறன் நகரங்கள்' என்ற திட்டத்தை அறிவித்தது. மீள்திறன் என்றால் வெள்ளம், நிலநடுக்கம், வறட்சி என எது வந்து அடித்தாலும் எழுந்து நிற்கிற திறன். ஆரம்ப ஒதுக்கீடு 10 கோடி டாலர். மூன்று சுற்றுகளில் 1000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தேர்வான நகரத்துக்கு என்ன கிடைக்கும்? 'தலைமை மீள்திறன் அதிகாரி' என்று ஒருவரை நியமிக்க இரண்டு வருடத்துக்குப் பணம், நகரத்துக்கென ஒரு செயல்திட்டம் எழுத உதவி. பாலமோ வடிகாலோ கட்டப் பணம் கிடையாது.

இந்தியாவிலிருந்து 2013-ல் சூரத், 2014 டிசம்பரில் சென்னை, 2016-ல் புனேயும் ஜெய்ப்பூரும் சேர்ந்தன. தேதியைக் கவனியுங்கள். சென்னை பட்டியலில் சேர்ந்து ஒரே வருடத்தில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்துவிட்டது.

திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க அறக்கட்டளை நியமித்தது வாஷிங்டனில் உள்ள அர்பன் இன்ஸ்டிட்யூட்டை. 1968-ல் லிண்டன் ஜான்சன் காலத்தில் உருவான ஆய்வு நிறுவனம் அது. கடைசி நேரத்தில் அவசரமாகக் கூப்பிடாமல், ஆரம்பக் கட்டத்திலேயே கூப்பிட்டார்கள். இது முக்கியம். முதல் நாள் நிலைமை பதிவாகவில்லை என்றால் பின்னாடி எதோடு ஒப்பிடுவது?

ஆனால் எதை அளப்பது என்பதுதான் பெரிய தலைவலி. நான் பார்க்கும் மென்பொருள் வேலையில், ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க, நாங்களே ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்போம். ஒரு நகரத்தில் அப்படிச் செய்ய முடியாது. புயலும் மதிப்பாய்வாளரின் காலண்டரைப் பார்த்து வராது. அதனால் மறைமுக அளவுகோல்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கு. துறைகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, திட்ட ஆவணங்கள் மாறியிருக்கின்றனவா, மக்களைக் கலந்துகொண்டார்களா என்கிற மாதிரி. இவை நிர்வாகம் மாறியதா என்று சொல்லும். அடுத்த மழையில் வேளச்சேரிக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று சொல்லாது.

இடைக்கால அறிக்கை 2018 டிசம்பரில் வந்தது. சாராம்சம் இதுதான்: பல நகரங்களில் திட்டமிடும் முறையில் மாற்றம் தெரிகிறது, ஆனால் மக்கள் வாழ்க்கையில் விளைந்த பலனைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். நேர்மையான பதில் என்றே நினைக்கிறேன். ஐந்து வருடத்தில் அதைத் தாண்டி யாரால் சொல்ல முடியும்?

நாலே மாதத்தில், 2019 ஏப்ரலில், திட்டத்தை மூடப்போவதாக அறக்கட்டளை அறிவித்தது. கடைசி நாள் ஜூலை 31. இதற்குள் அறக்கட்டளையின் தலைமையே மாறியிருந்தது. திட்டத்தைத் தொடங்கியது ஜூடித் ரோடின் காலம். 2017-லிருந்து தலைவர் ராஜீவ் ஷா. "காலம் வேண்டும்" என்று சொன்ன ஓர் அறிக்கை கையில் இருக்க, காலம் கொடுக்கப்படவில்லை. மதிப்பாய்வு தோல்வி என்று சொல்லி அதனால் மூடினார்கள் என்றால் ஒரு கணக்கு இருக்கும். இங்கே மதிப்பாய்வு ஒரு பாதையிலும் முடிவு வேறொரு பாதையிலும் போனதாகத்தான் எனக்குப் படுது.

அந்த மாதங்களில் சென்னை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறைய வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த கோடை அது. அதே ஜூன் மாதம்தான் சென்னையின் மீள்திறன் செயல்திட்டம் வெளியானது. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்தது. அந்த மாதக் கடைசியில் திட்டமே முடிந்தது. செயல்திட்டம் அச்சாகி வந்த நேரத்தில் அதன் பின்னால் நின்ற அமைப்பு கடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

சூரத் கதை கொஞ்சம் வேறு. 2006 ஆகஸ்டில் உகாய் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தப்தி வழியாக வந்து நகரத்தை மூழ்கடித்தது. அணை இருப்பது சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில். இதே அறக்கட்டளையின் முந்தைய திட்டமான ஆசிய நகரங்களின் காலநிலை மீள்திறன் வலையமைப்பில் 2008-லிருந்தே சூரத் இருந்தது. அணையையும் நகரத்தையும் இணைக்கும் முன்னெச்சரிக்கை அமைப்பு அதில்தான் உருவானது. இங்கே மதிப்பாய்வாளர் ஒரு தெளிவான கேள்வி கேட்கலாம்: அணை திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் கீழே இருக்கிறவருக்குத் தெரிகிறது? மணிக்கணக்கில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

நாளைக்கு நம் ஊரில் இப்படி ஒரு கன்சல்டன்ட்டை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். நான் பார்க்கும் விஷயங்கள் மூன்று. முதல் நாள் நிலைமை எழுதிவைக்கப்பட்டதா? கேட்கும் கேள்வி தெருவில் இருப்பவருக்குப் புரிகிற அளவில் இருக்கிறதா? மூன்றாவது, அறிக்கை "ஆம்" என்றால் என்ன செய்வோம், "இல்லை" என்றால் என்ன செய்வோம் என்று பணம் கொடுப்பவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறாரா? முதலாவதை ராக்ஃபெல்லர் ஒழுங்காகவே செய்தது. மூன்றாவது இல்லாமல் போனால் அறிக்கை பிடிஎஃப் ஆகத்தான் மிஞ்சும்.

திட்டம் மூடிய பிறகும் நகரங்கள் சேர்ந்து 'மீள்திறன் நகரங்கள் வலையமைப்பு' என்று தொடர்கின்றன, சென்னை உட்பட. அர்பன் இன்ஸ்டிட்யூட்டின் இறுதி அறிக்கை 2022-ல் வந்தது. அதைப் படித்து முடிவெடுக்கவேண்டிய திட்டம் மூடப்பட்டு அப்போதே சுமார் மூன்று வருடம் ஆகியிருந்தது.