ஒரு சின்னத் தட்டின் நெடும்பயணம்

1978இல் நியூயார்க்கில் ‘கார்’ என்ற சின்னஞ்சிறு லேபிள் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் ‘ஐ ஆம் த காஸ்மோஸ்’, மறுபக்கம் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’. எழுதிப் பாடியவர் மெம்ஃபிஸ் நகரத்துக் கிறிஸ் பெல். அவர் உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வந்த ஒரே தட்டு இதுதான். இது போன வழியைச் சொன்னால், பவர் பாப் என்ற இசை இத்தனை காலம் எப்படிப் பிழைத்து வந்தது என்பதையும் சொன்னதாகிவிடும்.

அந்தப் பெயரை 1967இல் சொன்னவர் ‘த ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். பீட்டில்ஸ் பாணியில் இனிய மெட்டு, இழைந்து வரும் குரல்கள், அடியில் முரட்டுக் கிதார், அழுத்தமான டிரம்ஸ், எல்லாம் மூன்று நான்கு நிமிடத்துக்குள். 1970களின் தொடக்கத்தில் ராக் குழுக்கள் நீண்ட நீண்ட தனி வாசிப்புகளில் மூழ்கியிருந்தன. அப்போது பெல், அலெக்ஸ் சில்டன், ஜோடி ஸ்டீஃபன்ஸ், ஆண்டி ஹம்மல் ஆகிய நால்வரும் முந்தைய பத்தாண்டின் அந்தப் பாணியைக் கையில் எடுத்தார்கள். ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்கு அருகே இருந்த மளிகைக் கடையின் பெயரையே வைத்து ‘பிக் ஸ்டார்’ ஆனார்கள். 1972இல் வந்த முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விநியோகம் சரியாக நடக்காததால் பாராட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. பெல் மனமுடைந்து குழுவை விட்டு விலகினார்.

அதற்குப் பிறகு பிறந்தது ‘காஸ்மோஸ்’. மெம்ஃபிஸில் ‘ஷூ’ என்ற சின்ன ஸ்டூடியோவில், ரிச்சர்ட் ரோஸ்ப்ரோ டிரம்ஸ் வாசிக்க, கென் வுட்லி பாஸ் வாசிக்கப் பதிவானது. சோர்ந்து கிடந்த தம்பியை அண்ணன் டேவிட் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். பிரான்ஸின் எரூவீல் மாளிகை ஸ்டூடியோவில் வேறு சில பாடல்கள் பதிவாயின. பிறகு ‘காஸ்மோஸ்’ டேப் லண்டன் ஏர் ஸ்டூடியோவில் ஜெஃப் எமரிக்கின் கைக்குப் போனது. ‘ரிவால்வர்’, ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பங்களின் ஒலிப்பதிவுப் பொறியாளர் அவர். பீட்டில்ஸைக் கேட்டு வளர்ந்தவனின் பாட்டை பீட்டில்ஸைப் பதிவு செய்தவரே மிக்ஸ் செய்துகொடுத்தார். அந்த டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். யாரும் வாங்கவில்லை.

பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள். கனத்த கிதார்கள் அவசரமில்லாத லயத்தில் வந்து விழுகின்றன. மேலே பெல்லின் குரல், ஏறக்குறைய கூப்பாடு. பிரிவில் தவிப்பவன் தன்னைப் பெரிதாக எண்ணித் தேறப் பார்க்கிறான், முடியவில்லை. உச்சத்தில் குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைத் திருத்தாமல் விட்டதால்தான் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுபக்கத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது: மரக் கிதார், தந்தி வாத்தியங்கள், மெல்லிய குரல். கூடவே பாடுபவர் பழைய கூட்டாளி அலெக்ஸ் சில்டன். ஆர்ப்பாட்டம், மன்றாட்டு என்று காதலின் இரண்டு நிலைகளும் ஒரே தட்டின் இரு பக்கங்களில் அமைந்துவிட்டன.

கடைசியில் கைகொடுத்தவர் இன்னொரு இசைக்கலைஞர். ‘டிபீஸ்’ குழுவின் கிறிஸ் ஸ்டேமிதான் தான் நடத்திய ‘கார்’ லேபிளில் தட்டை வெளியிட்டார். பெல் அப்போது மெம்ஃபிஸில் குடும்பத்தின் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று அவர் ஓட்டிய கார் கம்பத்தில் மோதியது. 27 வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

தட்டு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 1991இல் லண்டனின் 4ஏடி என்ற சுயேச்சை லேபிளில் ‘திஸ் மார்ட்டல் காயில்’ குழு இரண்டு பாடல்களையும் மறுபடி பதிவு செய்தது. ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ பாடலைக் கிம் டீலும் டான்யா டொனெல்லியும் பாடினார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து ‘போஸிஸ்’ குழு ‘காஸ்மோஸ்’ பாடலை எடுத்துக்கொண்டது. 1992இல் ரைக்கோடிஸ்க் லேபிள் பெல்லின் டேப்புகளைத் திரட்டி முழு ஆல்பமாக்கியது. அடுத்த ஆண்டு மிசௌரி பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் மீண்டும் மேடையேறியபோது, சில்டனுக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் துணை நின்றவர்கள் போஸிஸின் ஜான் ஆவரும் கென் ஸ்ட்ரிங்ஃபெல்லோவும். எந்தப் பெரிய கம்பெனியும் வேண்டாம் என்ற ‘காஸ்மோஸ்’ அன்று பிக் ஸ்டார் பாட்டாகவே ஒலித்தது.

இந்த வழியில் இப்போதும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். லாங் ஐலண்டைச் சேர்ந்த டடாரியோ சகோதரர்களின் ‘லெமன் ட்விக்ஸ்’, கேப்சர்ட் டிராக்ஸ் என்ற சுயேச்சை லேபிளில் 2024இல் ‘எ ட்ரீம் இஸ் ஆல் வீ நோ’ ஆல்பத்தைத் தந்தது. அதிலிருந்து முன்னதாக வந்த ‘மை கோல்டன் இயர்ஸ்’ சிங்கிளைக் கேட்டால் 1960களின் வெளிச்சம் முழுக்க அதில் தெரியும். சிகாகோவில் கை ஸ்லேட்டர் என்ற இளைஞர் ‘ஷார்ப் பின்ஸ்’ என்ற பெயரில் அதே மெட்டுக்காரர்களின் வாரிசாகப் பாடிக்கொண்டிருக்கிறார். பழைய ஒலியை நாடுவதால் இவர்களை நகலெடுப்பவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பிக் ஸ்டாரும் தன் காலத்தில் பின்னால் திரும்பிப் பார்த்த குழுதான். முன்னோர் மெட்டில் தன் வலியைச் சொல்ல பெல்லால் முடிந்தது, இவர்களாலும் முடியும்.

பெல்லின் தட்டு பிழைத்தது விற்பனையால் அல்ல. அதைக் கேட்ட சிலர் தங்கள் குழுவில் அதைப் பாடினார்கள், தங்கள் லேபிளில் மறுபடி போட்டார்கள். ஆகவே முகம் தெரியாத ஒரு பேண்டின் புது சிங்கிள் கண்ணில் பட்டால், அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், கிதார் தெரிந்த ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த பதிவு அங்கிருந்துதான் தொடங்கும்.