குறிப்பும் கட்டுரையும்: இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் கலைக்கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலைப்பீட மாணவர் தம் பாடங்களை விளங்கிக் கற்பதில்லை, விரிவுரைக் குறிப்புகளை மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்தில் ஒப்புவிக்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு எம்மிடையே நெடுங்காலமாக ஒலித்து வருகின்றது. இதனை மாணவரின் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வோர் ஒருபுறம். தாய்மொழிக் கல்வியின் தவிர்க்கவியலாத விளைவாகக் காண்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் ஒரு சமூக நிகழ்வை அதன் தோற்றுவாயினின்றும் பிரித்து நோக்குகின்றனர். மாணவன் எழுதும் கட்டுரையும் ஓர் உற்பத்திப் பொருளே. அது எத்தகைய சாதனங்களைக் கொண்டு, எத்தகைய உறவுகளுக்குள், யாருடைய தேவைக்காக உற்பத்தி செய்யப்படுகின்றது என்று வினவாமல் அதன் தராதரம் பற்றிப் பேசுதல் பயனற்றது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1921இற் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைக்கப்பட்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியபோது அதன் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் மனத்திற் கொண்டிருந்த முன்மாதிரி ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மரபு சார்ந்த விடுதிப் பல்கலைக்கழகமாகும். 1952இற் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தமையுடன் அம்முன்மாதிரி நிலத்தில் உருப்பெற்றது. சிறு குழுக்களாக அமரும் மாணவர், வாசித்து எழுதிய கட்டுரையை ஆசிரியர் முன்னிலையில் வாதித்து நிறுவுதல் இம்மரபின் உயிர்நாடியாகும். ஆயின், இம்முறைக்கு மூன்று முன்நிபந்தனைகள் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. மாணவர் தொகை சிறிதாயிருத்தல் வேண்டும். நூலகத்து நூல்களின் மொழியும் மாணவனின் மொழியும் ஒன்றாதல் வேண்டும். நூல்கள் மலிந்த வீடுகளிலிருந்து மாணவன் வந்திருத்தல் வேண்டும். ஆங்கிலங்கற்ற நகர்ப்புற மத்தியதர வர்க்கம் இவற்றைப் பெரும்பாலும் நிறைவு செய்தது. அவ்வர்க்கத்தின் வசதி, கல்வியின் தராதரம் எனப் பெயர் பெற்றது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலேறிய சுயமொழிப் போதனையும் இந்நிலையை அடியோடு மாற்றின. 1960இல் சுயமொழி மாணவர் கலைப்பீடத்தினுட் காலடி வைத்தனர். கமக்காரரின், கடற்றொழிலாளரின், சிறு கடைக்காரரின் பிள்ளைகள் தம் குடும்ப வரலாற்றில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தமை இந்நாட்டின் சமூக வரலாற்றில் ஒரு பெரும் பாய்ச்சல் எனலாம். அதனைத் தராதர வீழ்ச்சியின் தொடக்கமாக வருணிப்போர், யாருடைய தராதரம் என்ற வினாவை எழுப்புவதில்லை.

எனினும், பாய்ச்சலின் உள்ளேயே ஒரு முரண்பாடும் பொதிந்திருந்தது. போதனாமொழி மாறியது, கற்றலின் சாதனங்கள் அதே வேகத்தில் மாறவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டமை மறக்கற்பாலதன்று. பொருளியலும் புவியியலும் மெய்யியலும் தமிழிற் பேசக் கற்றதில் அவற்றின் பங்கு கணிசமானது. ஆயினும், ஒரு துறைக்கு ஓரிரு பாடநூல்கள் போதும். ஒரு கட்டுரைக்கோ ஒன்றோடொன்று முரண்படும் பல நூல்கள் வேண்டும். முரண்படும் நூல்கள் இல்லாதவிடத்து வாதம் பிறப்பதில்லை. ஆங்கிலத்திற் பயின்ற ஆசிரியர் தாம் வாசித்ததைத் தமிழிற் சுருக்கிச் சொல்ல, மாணவர் அதனைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டனர். இவ்வாறு பிறந்ததே குறிப்பு. மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி, ஆண்டுதோறும் படியெடுக்கப்பட்ட அக்குறிப்பு, இல்லாத நூலகத்தின் இடத்தை நிரப்பியது. அதனை இகழ்வதற்குமுன், அது ஆற்றிய பணியை நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையாளனும் குறிப்பாலே தேறியவன்தான்.

குறிப்பின் தீங்கு வேறிடத்தில் உள்ளது. அது முடிவுகளைத் தருகின்றது. அம்முடிவுகளை அடைந்த வழியை மறைத்துவிடுகின்றது. மேலும், ஒவ்வொரு துறையும் தனித்தனிக் குறிப்பேடாகக் கட்டப்படுவதால், சமூகத்தை முழுமையாகக் காணும் ஆற்றல் மாணவனிடத்து வளர்வதில்லை. ஓர் உதாரணத்தை நோக்குவோம். மலையகம் பற்றி வரலாற்று மாணவன் கோப்பிப் பயிர்ச்செய்கையின் எழுச்சியையும், 1869இல் தோன்றிய இலைநோயால் அது அழிந்ததையும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதையும் கற்கின்றான். பொருளியல் மாணவன் ஏற்றுமதிப் பயிரின் விலைத் தளம்பலைக் கற்கின்றான். சமூகவியல் மாணவன் கங்காணி முறையையும், அரசறிவியல் மாணவன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், தமிழ் மாணவன் தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்களையும் கற்கின்றனர். ஐவருக்கும் உரிய பொருள் ஒன்றே. ஐவரும் ஒருவரையொருவர் அறியார். தமிழ் மாணவன் பாடலின் சோகத்தை வியந்து அணிநலம் கூறி அமைகின்றான். அச்சோகம் பெயர்ந்து வந்த குடும்பத்தின் கடனோடும், பிரட்டுக் களத்தோடும், பறிக்கப்பட்ட வாக்குரிமையோடும் கொண்ட தொடர்பு அவனுடைய கட்டுரையில் இடம்பெறுவதில்லை. ஏனெனில், அது அவனுடைய குறிப்பில் இல்லை.

இவ்வேலிகள் தாண்டத்தக்கனவே என்பதற்கு எமது கல்விமரபிலேயே சான்றுண்டு. பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்ஹாமிற் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் மேற்கொண்ட ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரயுகக் காவியங்களோடும், வாய்மொழிப் பாடல் பற்றிய ஆய்வுகளோடும் ஒருங்குவைத்து அவர் நோக்கினார். அவருடைய முடிவுகளுட் சில பின்னர் மறுக்கப்பட்டுள்ளன. அது ஆய்வின் இயல்பு. ஆனால், பாடல் பிறந்த சமூகத்தை அறியாமற் பாடலை அறிய முடியாது என்னும் அவருடைய அணுகுமுறை, இலக்கியத்தையும் வரலாற்றையும் மானிடவியலையும் ஒரே வினாவின் பகுதிகளாக்கியது. அதனை ஒரு பேரறிஞரின் தனியாற்றலாகப் போற்றி ஒதுக்காது, சாதாரண மாணவனின் நாளாந்தப் பயிற்சியாக மாற்றுவதே எம்முன்னுள்ள பணியாகும்.

கலைக்கல்வியின் நெருக்கடி கல்விக்குள் மாத்திரம் தோன்றியதன்று. அறுபதுகளிற் பட்டதாரிகள் பெருகியபோது பொருளாதாரம் அவர்களை ஏற்குமளவு வளரவில்லை. 1971 ஏப்ரற் கிளர்ச்சி, கற்றும் தொழிலற்றிருந்த கிராமிய இளைஞரின் விரக்தியை நாட்டின் முன் வைத்தது. அதே ஆண்டில் டட்லி சியேர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் கிடைக்கும் தொழில்களுக்குமிடையிலான பொருத்தமின்மையை எடுத்துக்காட்டிற்று. அவதானம் சரியானதே; அதிலிருந்து ஆளும் வர்க்கத்தினர் பெற்ற பாடந்தான் பிழையானது. தொழில்களை உருவாக்கத் தவறிய பொருளாதாரத்தை விடுத்து, எதிர்பார்க்கக் கற்ற மாணவனைக் குற்றவாளியாக்கினர். வரலாறும் இலக்கியமும் பயனற்ற பாடங்கள் என்னும் குரல் அன்றிலிருந்து ஓயவில்லை.

தமிழ் மாணவரின் நிலை இன்னும் இடர்ப்பாடுடையதாயிற்று. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், தமிழிற் பட்டம் பெற்றவனுக்கு அரச பணியின் வாயில் ஒடுங்கிற்று. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் நிறுவப்பட்டு, கைலாசபதி அதன் முதற் தலைவரானபோது, பிரதேசத்தின் வாழ்வையே ஆய்வுப் பொருளாக்கும் வாய்ப்புப் பிறந்தது. ஆனால், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அதனைப் பண்பாட்டு அழிவென்று பேசுகின்றோம், அது சரியே. அதேவேளை, கட்டுரை எழுத வேண்டிய மாணவனுக்கு, குறிப்பைத் தவிர வேறொன்றும் எஞ்சாத நிலையையும் அது ஆழப்படுத்தியது என்பதைச் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

இன்று அரையாண்டுப் பருவமுறையும் தொடர் மதிப்பீடும் வந்துள்ளன. கையெழுத்துக் குறிப்பு ஒளிப்படப் பிரதியாகி, பின்னர் கைத்தொலைபேசியின் திரைக்கும் வந்துவிட்டது. வடிவம் மாறியபோதும் உறவு மாறவில்லை; பிறர் அடைந்த முடிவை மாணவன் தன் பெயரில் ஒப்படைக்கின்றான். ஒப்படைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது மாறாது. வினாவின் தன்மை மாறல் வேண்டும். விடையைக் குறிப்பிலே காணவியலாத வினாக்கள் வேண்டும்: உன் ஊரின் குளத்து நீர் யாருடைய வயலுக்கு முதலிற் பாய்ந்தது, கோயிற் கணக்கேட்டிற் கூலி எவ்வாறு பதியப்பட்டது, உன் பாட்டியார் பாடிய தாலாட்டில் வரும் ஊர்ப்பெயர்கள் எவை? இவற்றுக்கு விடை தேடும் மாணவன் வரலாற்றாசிரியனாகவும் சமூகவியலாளனாகவும் இலக்கிய மாணவனாகவும் ஒருங்கே தொழிற்பட்டாக வேண்டும். அதற்கு ஆசிரியர் தம் பழைய குறிப்பேட்டை மூடிவைத்தல் வேண்டும். நூலகங்களும் மொழிபெயர்ப்புகளும் தளராது வளர்க்கப்படுதல் வேண்டும்.

1960இல் வாயில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவர்களின் கைகளிற் கருவிகள் கொடுக்கப்படவில்லை. அக்கடன் இன்னும் தீர்க்கப்படாதுள்ளது. மாணவரைக் குறைகூறும் முன்னர் அதனைத் தீர்ப்பதே கற்றோர் கடமையாகும்.