ஓர் ஊரும் இரு வெளியேற்றங்களும்

1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்கிறோம். மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள விடத்தல்தீவின் வீடுகளில் இருந்த கடிதங்களுக்கும் காணி உறுதிகளுக்கும் அத்தகைய கணக்கு எதுவுமில்லை.

தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்த ஊர் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2008 ஜூலையில் இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றியது. அப்போரில் மன்னார்ப் பெருநிலத் தமிழ்க் குடும்பங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தன. நெடுங்காலம் செய்தித்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன்: நாளிதழில் இடம்பெயர்ந்தோரின் எண்ணிக்கைக்கு இடமுண்டு, அவர்கள் மடியில் கட்டிச் சென்ற தாள்களுக்கு இடமில்லை.

அவ்விடத்தை நிரப்ப இன்று வழியுண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், அச்சு நூல்களோடு நில்லாமல் ஒளிப்படங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. கடிதத்தை வருடி எடுத்த பின் மூலத்தாள் உரியவரிடமே இருக்கலாம். ஆயினும் படியெடுத்தல் பாதி வேலைதான். புத்தளத்தில் பதிவாகும் முதியவரின் குரல் ‘புத்தளம்’ என்று மட்டும் அட்டவணைப்படுத்தப்பட்டால், அவர் பிறந்த ஊர் மறைந்துவிடும். ‘விடத்தல்தீவு’ என்று தேடுபவருக்கு 1990இல் போனவரின் சொல்லும் 2008இல் போனவரின் சொல்லும் ஒருங்கே கிடைக்க வேண்டும். இல்லையேல் ஓரூருக்கு இரு வரலாறுகள் எஞ்சும். இரண்டும் குறையுடையவையாகவே இருக்கும்.

1990இல் நாற்பது வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். தாளை நாளை வருடலாம். குரலை இன்றே பதிய வேண்டும்.