மூக்கருகே ஒரு எலும்புக் கட்டி

கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்று நடுங்குகிறவர்கள் அதிகம். ஆனால் ஆஸ்டியோமா அந்த ரகமில்லை. எலும்பே கட்டியாகத் திரண்டு, மில்லிமீட்டர் கணக்கில் மெதுவாக வளரும். வேறு இடத்துக்குப் பரவாது. பெரும்பாலும் நெற்றி சைனஸில் வரும், அடுத்தபடியாகக் கண்களுக்கு நடுவே உள்ள சைனஸ் அறைகளில். மூக்குத் துவாரத்துக்குள்ளேயே முளைப்பது ரொம்ப அபூர்வம்.

ஒரு காலத்தில், கட்டி பெரிதாகிக் கண்ணை வெளியே பிதுக்கினால்தான் இப்படி ஒன்று இருப்பதே தெரியும். 1895ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் நிலைமை மாறியது. 1971ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை பார்த்தது இ.எம்.ஐ.யில் (ஆமாம், இசைத்தட்டு விற்ற அதே கம்பெனிதான்!). சாதாரண எக்ஸ்ரேயில் இருநூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தென்படாத ஆஸ்டியோமா, சி.டி.யில் நூற்றுக்கு மூன்று பேர் வரை தென்பட்டது. முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

ஆக, சாதுவான கட்டி. அப்புறம் ஏன் இதைப் பற்றி இவ்வளவு பேச்சு? அதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

எல்டன் கார்ட்னர் டாக்டர் இல்லை, மரபியல் பேராசிரியர். தலையில் கட்டி முளைக்கும் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1940களின் இறுதியில், அவர் வகுப்பில் இருந்த ஒரு மாணவர், தனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பலர் குடல் புற்றுநோயில் இறந்துபோன கதையைச் சொன்னார். வேறொருவராக இருந்தால் "த்சொ த்சொ" என்றுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருப்பார். கார்ட்னர் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார்.

1951ல் அவர் வெளியிட்ட கட்டுரை, பெருங்குடலில் கொத்துக் கொத்தாக வளரும் பாலிப்கள் அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்குவதைக் காட்டியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1953ல் இன்னொன்றும் தெளிவானது. அதே ஆட்களுக்குத் தாடையிலும் மண்டையோட்டிலும் ஆஸ்டியோமாக்கள், தோலுக்கடியில் கட்டிகள்!

இந்த பாலிப்களை அப்படியே விட்டால் ஏறக்குறைய நிச்சயமாகப் புற்றுநோய்தான், அதுவும் பலருக்கு நாற்பது வயதுவாக்கில். ஆனால் எலும்புக் கட்டிகள் பல சமயம் பாலிப்களுக்கு முன்பே, சிறுவயதிலேயே தலைகாட்டிவிடும். அதனால்தான் ஒருவருக்குப் பல ஆஸ்டியோமாக்கள் இருந்தால் பல் டாக்டரோ மூக்கு டாக்டரோ குடலைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நேரத்தோடு பெருங்குடலை எடுத்துவிட்டால் உயிர் தப்பும். இதற்குக் காரணமான ஏ.பி.சி. மரபணு 1991ல் பிடிபட்டது. அதைக் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்று யூட்டாவில் இருந்ததுதான். (ஒரே ஒரு ஆஸ்டியோமா இருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், அது அநேகமாக இந்த வியாதி இல்லை.)

சிகிச்சை விஷயம் எளிது. தொந்தரவு இல்லையென்றால் கை வைப்பதில்லை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சைனஸ் அடைத்தாலோ, கண்ணையோ மூளையையோ அழுத்தினாலோ ஆபரேஷன். முன்பு புருவத்தை ஒட்டியோ, காதிலிருந்து காது வரை உச்சந்தலையிலோ கீறி எலும்பைத் திறந்தார்கள். 1970களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டு ஆராய்ந்த பிறகு அந்த வழி திறந்தது. இப்போது பல கட்டிகளை மூக்குத் துவாரம் வழியாகவே ட்ரில்லால் நடுவில் குடைந்து, ஓட்டை உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். நெற்றியின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரிய கட்டிகளுக்கு மட்டும் இன்றும் வெளியே கீறித்தான் ஆக வேண்டியிருக்கிறது.