வெற்றுத்தாளுக்கு ஒரு ஷில்லிங்

தபால் நிலையத்தில் கடிதத்தைத் தராசில் வைக்கிறோம். எத்தனை கிராம் என்று பார்த்து ஸ்டாம்பு ஒட்டுகிறோம். சாதாரணக் கடிதம் அடுத்த தெருவுக்குப் போனாலும் அஸ்ஸாமுக்குப் போனாலும் ஒரே கட்டணம்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு என்று தோன்றும். ஆனால் இந்த எளிய கணக்குக்கு வந்து சேர அரசாங்கங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

1839 வரை பிரிட்டனில் கடிதக் கட்டணம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு தூரம், எத்தனை தாள். இரண்டு தாள் என்றால் இரட்டிப்புக் கட்டணம். உறையும் ஒரு தாள்தான், ஆகவே உறை போடுவது ஆடம்பரம். உள்ளே எத்தனை தாள் என்று அறிய, தபால் ஊழியர்கள் கடிதத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மக்களும் சளைக்கவில்லை. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள்.

பணம் கட்டியவர் பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றவர். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே தாள் போனால் பதின்மூன்றரைப் பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங்குக்கும் மேல். விவசாயக் கூலியின் ஒருநாள் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நாடாளுமன்ற உறுப்பினர்களோ உறைமேல் கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்பினார்கள். கட்ட முடிந்தவர் கட்டவில்லை, முடியாதவர் தலையில் அது விழுந்தது.

கவிஞர் கோல்ரிட்ஜ் பார்த்ததாக ஒரு கதை உண்டு. ஏழைப் பெண் ஒருத்தி தன் அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பணமில்லை என்று தபால்காரரிடமே கொடுத்துவிடுகிறாள். கோல்ரிட்ஜ் மனமிரங்கி ஒரு ஷில்லிங் கட்டி வாங்கித் தருகிறார். அவளுக்கோ அதில் சந்தோஷமே இல்லை. தபால்காரர் போனபின் பிரித்துக் காட்டினால், வெற்றுத்தாள்! கடிதம் வந்தாலே அண்ணன் நலம் என்று பொருள். அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு.

இந்த முறையை உடைத்தவர் ரோலண்ட் ஹில். 1837இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான். அப்போ மிச்சக் காசெல்லாம் எங்கே போச்சு? வரி ஒருபுறம். தாளை எண்ணுவது, தூரத்தைக் கணக்கிடுவது, வீட்டு வாசலில் நின்று வசூலிப்பது இன்னொருபுறம். கட்டணத்தைக் கணக்கிடுவதே ஒரு செலவாக இருந்தது. 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி. மே மாதத்தில் தபால்தலை வந்தது. அனுப்புபவரே முன்பணம் கட்டினார்.

இந்தியாவுக்கு அது 1854 அக்டோபரில் வந்தது. அதற்குமுன் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய், அதாவது பதினாறு அணா. புதிய சட்டத்தில் அதே எடைக்கு இரண்டு அணா. கால் தோலாவுக்கு அரையணா போதும், தூரம் கணக்கில்லை. கால் தோலா என்பது மூன்று கிராம்கூட இல்லை, ஆகவே மெல்லிய தாள் தேவைப்பட்டது. ஸ்டாம்பு ஒட்டாமல் போட்டால் பெறுபவர் இரட்டிப்பாகக் கட்டவேண்டும். நம் தாத்தா பாட்டிகள் 'பேரிங்' என்று சொன்னது அதைத்தான்.

1879இல் கால் அணா கார்டு வந்தது. தராசும் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அன்று மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்தவர்கள் தாளை எண்ணத்தான் பார்த்தார்கள். கார்டிலோ எழுதியது முழுக்கத் திறந்து கிடந்தது. படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே வாசித்தும் காட்டினார். காசில்லாதவர்கள் தங்கள் அந்தரங்கத்தைக் கொடுத்து மிச்சத்தைக் கட்டினார்கள். அந்த ஏழைப் பெண்ணின் வெற்றுத்தாளில் மட்டும் யாரும் எதையும் படித்திருக்க முடியாது.