களஞ்சியமும் ஆளும்: ஜான் லாக்கின் நினைவுக் கோட்பாடு

நினைவைப் பொருள்கள் சேர்த்து வைக்கப்படும் களஞ்சியமாகக் கருதும் வழக்கம் ஐரோப்பியச் சிந்தனையில் மிகத் தொன்மையானதாகும். 17ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கம் கேள்விக்குள்ளானது. அம்மாற்றத்தை, மனித அறிதிறன் பற்றி ஜான் லாக் எழுதிய ஆய்வுரையின் முதலிரு பதிப்புகளை ஒப்பிடுவதன்வழி நாம் ஈண்டுக் காண முற்படுகிறோம்.

லாக்கிற்கு முன்னர், டேக்கார்ட் நினைவை உடலோடு பிணைத்து விளக்கினார். அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னர், 1662இல் வெளிவந்த மனிதனைப் பற்றிய நூலில், ஊசிகளால் துளைக்கப்பட்ட துணி உவமையாகக் காட்டப்படுகிறது. ஊசிகளை அகற்றிய பின்னரும் துணியில் துளைகளின் தடம் எஞ்சுவது போலப் புலன்வழிப் பதிவுகள் மூளையில் எஞ்சுகின்றன என்பது அவர் கருத்து.

1690 என ஆண்டு குறிக்கப்பெற்ற முதற்பதிப்பில் லாக்கும் நினைவைக் கருத்துகளின் களஞ்சியம் என்றே குறித்தார். ஆயினும், உணரப்படும்போது மட்டுமே ஒரு கருத்து மனத்தில் உள்ளது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின், உணரப்படாத கருத்துகள் களஞ்சியத்தில் எங்ஙனம் தங்கும்? ஜான் நாரிஸ் அதே ஆண்டில் இத்தகைய ஐயத்தை எழுப்பினார். 1694இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் லாக் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார். களஞ்சியம் என்பது உருவகமே. முன்னர் உணர்ந்ததை, முன்னர் உணர்ந்தோம் என்னும் அறிவோடு மீட்டெழுப்பும் ஆற்றலே நினைவு என்பது அதன் சாரம்.

வில்லியம் மோலினோவின் தூண்டுதலால், ஆள் அடையாளம் பற்றிய புதிய இயலும் அதே பதிப்பில் இடம்பெற்றது. கடந்தகாலச் செயலைத் தன்னுணர்வு எட்டும் அளவிற்கே அதே ஆள் நீடிக்கிறார் என்றார் லாக். இவ்விரு சேர்க்கைகளையும் நாம் இணைத்து நோக்குதல் வேண்டும். சேமிப்பு ஏதுமற்ற ஓர் ஆற்றலின்மீதே ஆள் என்னும் கருத்தாக்கம் நிறுவப்பட்டது. எனில், மறந்த குற்றத்திற்குப் பொறுப்பாவார் யார்? மறதி மெய்யா பொய்யா என மனித நீதிமன்றம் அறிய இயலாமையால், மதுமயக்கத்தில் தவறிழைத்தவரைத் தண்டிக்கிறது. இறுதித் தீர்ப்பிலோ எவரும் தாம் அறியாததற்குப் பொறுப்பாக்கப்படார் என்று லாக் கருதினார்.

1785இல் தாமஸ் ரீட் இதனை மறுத்தார். சிறுவயதில் பழத்தோட்டத்தில் திருடி அடிபட்டதை இளம் அதிகாரி நினைவுகூர்கிறார். அதிகாரியின் வீரச்செயலைப் பிற்காலத்துத் தளபதி நினைவுகூர்கிறார். அடிபட்டதையோ தளபதி முற்றிலும் மறந்துவிட்டார். லாக்கின் அளவுகோலின்படி, தளபதி அச்சிறுவனாகவும் இருத்தல் வேண்டும். இல்லாமலும் இருத்தல் வேண்டும். நினைவு நம் அடையாளத்திற்குச் சான்றேயன்றி அதனை ஆக்குவதன்று என ரீட் முடிவு கண்டார். மறந்தவற்றிற்கும் நாம் கடமைப்பட்டவர்களா என்னும் அறவினாவே இவ்விவாதத்தின் உயிர்நாடி என்பது நம் துணிபு.