உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

"ஆறே வாரத்தில் வெள்ளைக்காரர் போல ஆங்கிலம் பேசலாம்" என்ற விளம்பரங்கள் முகநூலில் இப்போது அடிக்கடி வருகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசும் வேலைக்கு விண்ணப்பிக்கும் எமது இளைஞர்களும், பிரித்தானியாவில் தாதியாகப் பதிவுபெற முயல்பவர்களும், கனடாவில் பல வருடங்கள் வேலை செய்தும் "என்ன சொன்னீர்கள்?" என்ற கேள்வியை நாளாந்தம் கேட்பவர்களும் இவற்றை அழுத்திப் பார்க்கிறார்கள். நான் வயதுவந்தோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவள். என்னிடம் வருவோரில் பலர் வேறெங்கோ பெருந்தொகை கட்டி, பலன் காணாமல் வருபவர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் அதில் உண்டு. தகுதியான பயிற்றுநரை எப்படித் தெரிவு செய்வது என்று அவர்கள் என்னிடம் கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தொனி வேறு, விளங்குதல் வேறு

உச்சரிப்பு எமக்கு வெறும் நாகரிக விடயமாக இருந்ததில்லை. 1983 ஜூலையில் பேருந்துகளை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டதைத் தப்பியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முதல் ஒலி தமிழ்ச் சொற்களின் தொடக்கத்தில் வராத ஒலி. இந்த அனுபவம் உள்ள சமூகத்திடம் "உங்கள் தொனியை அழித்துத் தருகிறேன்" என்று சொல்வது எளிதாக விலைபோகும். அதனாலேயே அப்படிச் சொல்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

கனடாவின் மன்றோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் பார்வையையே மாற்றியது. கேட்பவர்கள் 'தொனி மிகக் கடுமையாக உள்ளது' என்று மதிப்பிட்ட பேச்சைக்கூட அவர்களால் முழுமையாக விளங்கிக்கொள்ள முடிந்தது. தொனி இருப்பதும் பேச்சு விளங்காமல் போவதும் ஒன்றல்ல. ஆகவே நல்ல பயிற்றுநர் தொனியை ஒழிக்க முயலமாட்டார். விளக்கத்தைக் கெடுக்கும் இடங்களை மட்டும் தேடித் திருத்துவார்.

பரீட்சைகளும் இதையே பார்க்கின்றன. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம் நடக்கும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம அளவில் புள்ளி. அந்த உச்சரிப்புப் பகுதியிலும் பார்க்கப்படுவது விளங்கும் தன்மையே. தமிழ்த் தொனி இருப்பதற்காகப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. சுகாதாரத் துறையினருக்கான ஓ.ஈ.ரி. பரீட்சையிலும் அப்படியே.

எமது நாவுக்கு எது கடினம்?

பயிற்றுநருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ் பேசுவோரின் சிக்கல்கள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும். முக்கியமானவை இவை:

- குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' தான். மேலங்கியும் ஆடும் 'கோற்' தான். எமது எழுத்து பிரித்துக் காட்டாத இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் பொருளையே மாற்றும். சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லொலியை மூச்சோடு தள்ளிச் சொல்லாவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது மெல்லொலியாகவே விழும்.
- திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் எமக்கு 'வைன்'. ஒன்றுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்; மற்றதற்கு உதடு குவிய வேண்டும்.
- 'பஸ்ஸு' என்று சொல்லின் முடிவில் உகரம் சேர்ப்பதும், 'இஸ்கூல்' என்று முன்னால் இகரம் சேர்ப்பதும் சொல்லில் ஓர் அசையைக் கூட்டிவிடும்.
- சொல்லழுத்தம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்க, மற்றவை ஒடுங்கும். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் சொல்கிறோம். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மருந்தின் அளவைச் சொல்லும் தாதிக்கு இது சிறிய விடயமல்ல.

எமக்குச் சாதகமானவையும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு எமது காதுக்குப் பழக்கமானது. தமிழ்நாட்டில் 'டிக்கெட்' என்று எழுதுவதை நாம் 'ரிக்கற்' என்று எழுதுவதும் காரணமில்லாமல் அல்ல. 'காற்று' என்பதில் வரும் எமது றகர ஒலி, ஆங்கில ஒலியைப் போலவே நுனிநா பல்லின் மேல் ஈறைத் தொடப் பிறப்பது. இதை அறிந்த பயிற்றுநர் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குவார்.

யார் தகுதியானவர்?

'அக்சென்ற் கோச்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம் அல்ல. யாரும் அப்படிப் பெயர்ப்பலகை போடலாம். ஆகவே அதன் பின்னால் இருக்கும் கல்வியைக் கேளுங்கள்.

முதலாவது வகை, பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள். பிரித்தானியாவில் இந்தப் பட்டத்தைப் பயன்படுத்த சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையில் பதிவு இருக்க வேண்டும். ஒன்ராறியோவிலும் ஒழுங்குமுறைக் கல்லூரி ஒன்று உண்டு. இரண்டிலும் பெயரை இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் இத்துறையில் பட்டம் வழங்குகிறது. ஆனால் தொனி ஒரு நோயல்ல. அமெரிக்கச் சிகிச்சையாளர் சங்கமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. எனவே அவர் உச்சரிப்புப் பயிற்சியில் தனியாக அனுபவம் பெற்றவரா என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஆங்கில ஆசிரியர்கள். கேம்பிரிட்ஜின் 'செல்ற்றா' சான்றிதழ் ஏறத்தாழ 120 மணிநேரக் கற்கை. உச்சரிப்பு அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. 'டெல்ற்றா' அதற்கு மேற்பட்டது. மூன்றாவது, ஒலியியல் அல்லது மொழியியல் கற்றவர்கள். சர்வதேச ஒலியியல் சங்கம் ஆங்கில ஒலியியலுக்கெனத் தனிப் பரீட்சை நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் உள்ளவர் காதால் கேட்டே பிழையைப் பிரித்தறியக் கூடியவர்.

ஆங்கிலம் தாய்மொழி என்பது மட்டும் தகுதியாகாது. எமக்குத் தமிழ் தாய்மொழி என்பதற்காக ழகரத்தை எல்லோராலும் கற்பிக்க முடிகிறதா?

முதற் சந்திப்பில் கேளுங்கள்

1. எனது பேச்சைப் பதிவு செய்து, எந்த ஒலிகள் விளக்கத்தைக் கெடுக்கின்றன என்று எழுத்தில் தருவீர்களா?
2. அவற்றில் எதை முதலில் எடுப்பீர்கள், ஏன்?
3. முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்?
4. எனது குரல் பதிவுகள் எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும்?
5. இடையில் நின்றால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

நான்காவது கேள்வி எம்மவருக்கு முக்கியம். அகதி வழக்கு நிலுவையில் உள்ளவர்களும் ஊரில் உறவுகளை விட்டு வந்தவர்களும் தமது கதையைத் தெரியாத ஒருவரின் கணினியில் விட்டுவைக்கக் கூடாது. "வாழ்க்கையில் மறக்க முடியாத நாளைப் பற்றிப் பேசுங்கள்" என்று பயிற்சி தரும்போது, வன்னியிலிருந்து வந்த ஒருவருக்கு அது என்ன நாளாக இருக்கும் என்று பயிற்றுநர் யோசித்திருக்க வேண்டும். வேறு தலைப்புக் கேட்பது உங்கள் உரிமை. பரீட்சையிலும் நீங்கள் சோகத்தைச் சொல்ல வேண்டியதில்லை, மொழிக்குத்தான் புள்ளி.

திகதி குறித்து வெற்றிக்கு உத்தரவாதம் தருபவர், உங்கள் பேச்சைக் கேட்காமலே பாடத்திட்டம் தருபவர், முழுத்தொகையையும் முற்பணமாகக் கேட்பவர், உங்கள் பேச்சைக் கேலி செய்பவர் ஆகிய நால்வரையும் தவிருங்கள்.

பயிற்சி தேவைப்படாத இடங்கள்

அகதி விசாரணைக்காக உச்சரிப்புப் பயிற்சி எடுக்க வேண்டாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் மொழிபெயர்ப்பாளரை அரச தரப்பே ஒழுங்கு செய்கிறது. உயிர்ப் பிரச்சினையைத் தாய்மொழியில் சொல்லுங்கள்.

ஷெல் வீச்சுக்கு அருகில் இருந்தவர்கள், காதில் இரைச்சல் உள்ளவர்கள் முதலில் வைத்தியசாலையில் செவிப் பரிசோதனை செய்யுங்கள். வெடிச்சத்தம் பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனையே முதலில் பாதிக்கும். சகர, ஃபகர ஒலிகள் அந்த வகை. காதில் விழாத ஒலியை எந்தப் பயிற்றுநராலும் நாவில் வரவைப்பது கடினம்.

பணம் இல்லாதவர்கள் பி.பி.சி.யின் ஆங்கிலம் கற்கும் பக்கத்திலுள்ள உச்சரிப்புக் காணொளிகளையும், ஒலியுடன் கூடிய கேம்பிரிட்ஜ் இணைய அகராதியையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தினமும் பதினைந்து நிமிடம் கேட்டு, சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் அப்படிச் செய்த பின்னரும் தீராமல் நிற்கும் ஒலிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பயிற்றுநரிடம் போனால், எதற்காகப் பணம் கட்டுகிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.